தாளின் பின்பக்கம்

சென்னை
2-12-2024

சசி,

மாப்பிள்ளை அனுப்பிய படத்தைப் பார்த்ததும் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஆபீஸில் பக்கத்து மேசைக்காரர், ஊரில் யாருக்காவது ஏதாவது ஆகிவிட்டதா என்று கேட்டார். ஆமாம், எங்கள் கூட்ஸ் பெட்டிக்கு ஆகிவிட்டது என்றேன்.

பெட்டி முழுக்க ரெட் ஆக்சைடு பூசி, அதன் மேல் எனாமல் அடித்துப் பளபளவென்று நிறுத்தி வைத்திருக்கிறார். கல்யாணத்துக்கு வாங்கிய பீரோ போல இருக்கிறது. அது நிலக்கரி இஞ்சின் இழுத்த காலத்துப் பெட்டி, சசி. அப்பா அதை மொரப்பூர் பக்கம் ஏலத்தில் எடுத்து, மாட்டுக் கொட்டகைக்குப் பக்கத்தில் இறக்கினார், ஐம்பது வருஷமாக நாம் அதில் வைக்கோல் போட்டு வைத்திருந்தோம் என்பதற்காக அது வைக்கோல் பெட்டி ஆகிவிடாது. மார்ச் கடைசியில் எங்கள் டிரஸ்ட் அதை அருங்காட்சியகத்துக்கு எடுத்துக்கொள்ளப் போகிறது. பழைய முறைப்படியே, பழைய பொருளையே கொண்டு பூசப்பட்டது என்று நான் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தாக வேண்டும். அந்தக் கையெழுத்தில்தான் என் வேலை நிற்கிறது.

ஆகவே மாப்பிள்ளை பூசிய அத்தனையையும் சுரண்டி எடுக்கச் சொல். அதற்கு அடியில் இருக்கும் பழைய பூச்சுகளையும் எடுக்க வேண்டும். வெறும் இரும்பு தெரிய வேண்டும்.

ரயில்வே பட்டறைக்கு அந்தக் காலத்தில் அச்சடித்துக் கொடுத்த விதித்தாள் ஒன்று என்னிடம் இருக்கிறது. அதை நகல் எடுத்து, கீழே தமிழிலும் எழுதி இணைத்திருக்கிறேன். இரும்புக்கு முதலில் ரெட் லெட் இரண்டு கோட்டு. ஒவ்வொரு கோட்டும் நான்கு நாள் காய வேண்டும். அதன் மேல் காவிப் பழுப்பு இரண்டு கோட்டு. கடைசியாக வார்னிஷ் ஒன்று. எழுத்தும் எண்ணும் வெள்ளையில், நான்கு அங்குல உயரம். கடையில் டப்பாவில் விற்கும் எதையும் தொடக் கூடாது. ரெட் லெட் பொடியைப் பாரிமுனையில் மூன்று நாள் அலைந்து பிடித்தேன். பொடியும் காய்ச்சிய ஆளி விதை எண்ணெயும் பார்சலில் அரூர் வரைக்கும் வரும், போய் எடுத்துக்கொள்ளுங்கள். இட்லி மாவு பதத்தில் குழைத்துப் பூசச் சொல்.

இதைப் போனில் சொல்லியிருக்கலாம். போனில் சொன்னதால்தான் ரெட் ஆக்சைடு வந்தது. எழுத்தில் இருந்தால் மாறாது. நீயும் எழுத்திலேயே பதில் போடு. எல்லாம் ஃபைலுக்கு வேண்டும். அந்தத் தாளை மைதாப் பசை தடவிப் பெட்டிக் கதவின் உட்பக்கம் ஒட்டி வை.

பிரபாகர்


கம்பைநல்லூர்
11-12-2024

அண்ணா,

நீ தூக்கிவாரிப் போட்டுக்கொண்டது இருக்கட்டும். உன் கடிதத்தைப் படித்துக் காட்டியதும் இவர் முகம் செத்துப் போய்விட்டது. இருபது வருஷமாகப் பெயிண்ட் அடிக்கிற மனுஷனை, பீரோ பூசுகிறவன் என்று எழுதிவிட்டாய். ரெண்டு நாள் என்னோடு பேசவில்லை. நான்தான் என்னவோ அந்தக் கடிதத்தை எழுதியவள் போல.

மூன்றாம் நாள் தானாகவே கிரைண்டரையும் உப்புத் தாளையும் எடுத்துக்கொண்டு இறங்கிவிட்டார். கோபம் இருந்தாலும் வேலை என்றால் இவருக்குக் கை நிற்காது, உனக்குத் தெரியும். சுரண்டச் சுரண்ட ஒன்றன் கீழ் ஒன்றாக ஏழு பூச்சு வந்தது. நாலாவது பூச்சுக்கு அடியில் வெள்ளை எண் ஒன்று பாதி தெரிந்தது. அதைத் தொடாமல் விட்டு வைத்திருக்கிறார். நீ கேட்பாயே என்று ஏழு பூச்சின் சில்லையும் இந்தக் காகிதத்தில் பசை போட்டு ஒட்டியிருக்கிறேன்.

உன் பொடியும் எண்ணெயும் வந்து சேர்ந்தன. டப்பாவைத் திறந்ததும் இவர் அசந்துபோனார். "என்ன கண்ணு இது, அடுப்புத் தணலாட்டம் இருக்குது" என்றார். காவி வரும் என்று நினைத்தால் கண்ணைப் பறிக்கிற செவப்பு. அந்த எண்ணெய் வாசனைக்குச் நம்ம செவலைப் பசுவும் கன்றும் கயிற்றை இழுத்துக்கொண்டு நிற்கின்றன. புண்ணாக்கு வைக்கப் போகிறோம் என்று நினைப்பு போல.

இங்கே எல்லாம் தூசி. இவர் தலை, துண்டு, சாப்பாட்டுத் தூக்கு, எல்லாம் செவப்பு. பெட்டிக்குள் நிழலாக இருக்கிறது என்று மத்தியானச் சோற்றையும் அங்கேயே தின்று அங்கேயே படுத்துக்கொள்கிறார். கையில் ஒட்டினது லேசில் போவதில்லை. "இது உள்ள போனா ஏதாச்சும் ஆவுமா, உங்கண்ணனைக் கேளு" என்றார். தாளைக் கதவில் ஒட்டும்போது நானும் முழுக்கப் படித்துப் பார்த்தேன். ஒன்றும் போடவில்லை. "ஆவுறதா இருந்தா அண்ணன் எழுதியிருக்குமே" என்று சொல்லிவிட்டேன். இருந்தாலும் ஒரு வார்த்தை எழுது.

பக்கத்தில் நம்ம கீழ்க்காட்டைக் குத்தகைக்குப் பார்க்கிற முருகேஷும் வந்து ரெண்டு நாள் கூட மாட ஏணி பிடித்தான். அவன் பொண்டாட்டி சுசித்ராதான் தினமும் எனக்குப் புல் அறுத்துத் தருகிறாள். அவர்கள் பிள்ளை அன்பரசிக்குப் பல் வந்துவிட்டது. என்னைப் பார்த்தால் ஒரே சிரிப்பு.

சசிகலா


சென்னை
20-12-2024

சசி,

சில்லுகள் வந்தன. பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தேன். எல்லாவற்றுக்கும் அடியில் இருப்பது ரெட் லெட்தான். நான் சொன்னது சரி. மாப்பிள்ளையிடம் சொல்.

எண்ணைத் தொடாமல் விட்டது நல்ல காரியம். அதை அப்படியே மெல்லிய தாளில் அச்சு எடுத்து அனுப்பச் சொல். அதே வடிவத்தில்தான் மறுபடி எழுத வேண்டும். கூரையின் உட்பக்கத்துக்கு ஒரு கோட்டு போதும். பொடி மீதமானால் வீணாக்க வேண்டாம், இனி கிடைப்பது கஷ்டம்.

ஒரு வேண்டுகோள். உன் கடிதத்தை ஃபைலில் வைக்க வேண்டியிருக்கிறது. நடுவில் புல், பல், முருகேஷ் என்று எழுதினால் டிரஸ்ட் ஆட்கள் சிரிப்பார்கள். பெட்டி விஷயத்தை முன்பக்கத்தில் எழுது. வீட்டு விஷயத்தைப் பின்பக்கத்தில் வைத்துக்கொள். முன்பக்கத்தை நகல் எடுத்து ஃபைலில் போட்டுவிடுவேன்.

பிரபாகர்


கம்பைநல்லூர்
18-1-2025

அண்ணா,

உன் உத்தரவுப்படி முன்பக்கத்தில் பெட்டி மட்டும்.

ரெட் லெட் இரண்டு கோட்டும் முடிந்து காய்ந்தது. காவிப் பழுப்பு முதல் கோட்டு பொங்கலுக்கு முந்தின நாள் முடித்தார். எண் அச்சு இதோடு வைத்திருக்கிறேன். இரண்டாவது கோட்டு இந்த வாரம் ஆரம்பிக்க வேண்டும். இவருக்குக் கொஞ்சம் உடம்பு சரியில்லை, அதனால் நாலு நாள் தள்ளிப் போகும். படம் அனுப்பியிருக்கிறார், பார்த்திருப்பாய். எனக்கே அது நம்ம வைக்கோல் பெட்டிதானா என்று சந்தேகமாக இருக்கிறது. அவ்வளவு லட்சணம். தப்பாக நினைத்துவிட்டேன், நீ சொன்னதுதான் சரி.

*(பின்பக்கம்)*

இங்கே யாரும் சிரிக்க மாட்டார்கள் என்பதால் நிம்மதியாக எழுதுகிறேன்.

இந்த வருஷம் மாட்டுப் பொங்கல் நம்ம வூட்டில்தான் அமர்க்களம். பொடி ஒரு டப்பா மீந்தது. வீணாக்க வேண்டாம் என்று நீயும் எழுதியிருந்தாய். இவர் அதைக் குழைத்து செவலைக்கும் கன்றுக்கும் கொம்பில் பூசிவிட்டார். கன்றுக்குக் கொம்பு ஏது, மொட்டுதான். அதற்கும் பூசினார். தெருவில் எல்லாரும் கடையில் வாங்கின பெயிண்ட், நம்ம மாடு மட்டும் தகதகவென்று தனியாகத் தெரிந்தது. "எங்க வாங்கினீங்க வீரமணிண்ணா" என்று நாலு பேர் வந்து கேட்டார்கள். இவருக்குப் பெருமை தாங்கவில்லை. "ரயிலுக்குப் பூசறதுங்க" என்று சொல்லிக்கொண்டு திரிந்தார். டப்பாவை மூடாமல் கொட்டகையிலேயே வைத்துவிட்டு ஊர்வலம் போய்விட்டார். வந்து பார்த்தால் கன்று டப்பாவை நக்கிச் சுத்தம் செய்து வைத்திருக்கிறது. உன் எண்ணெய் அவ்வளவு ருசி போல.

அன்பரசி பிடித்துக்கொண்டு நிற்கிறாள், நாலு எட்டு வைக்கிறாள். முருகேஷ் பழைய மரத்தில் ஒரு நடைவண்டி செய்திருந்தான், வெறும் கட்டையாக இருந்தது. கொம்புக்குப் பூசுகிற கையோடு இவர் அதற்கும் பூசிக் கொடுத்தார். செவப்பு வண்டியைப் பார்த்ததும் பிள்ளை விடவே இல்லை. பொங்கலுக்கு அந்தப் பிள்ளைக்கு நம்ம கையால் ஒன்று கொடுத்தோம் என்று எனக்குச் சந்தோஷம்.

முருகேஷோடு மட்டும் நேற்று ஒரு சின்ன உரசல். செவலை அவிழ்த்துக்கொண்டு போய் அவன் கத்தரியை மேய்ந்துவிட்டது. "இன்னொரு தடவை வந்துச்சுன்னா நான் பொறுப்பில்லைங்கக்கா" என்று கத்தினான். நானும் கத்தினேன். நாளைக்குச் சரியாகிவிடும்.

சசிகலா


கம்பைநல்லூர்
25-1-2025

அண்ணா,

செவலை செத்துவிட்டது. கன்றும் செத்துவிட்டது.

எழுதவே கை வரவில்லை. முன்பக்கம் பின்பக்கம் எல்லாம் பார்க்கிற நிலைமையில் நான் இல்லை.

திங்கட்கிழமை காலையில் கன்று கொட்டகைச் சுவரில் தலையை முட்டிக்கொண்டு நின்றது. தள்ளிவிட்டாலும் திரும்பப் போய் அங்கேயே முட்டியது. கண்ணுக்கு நேரே கையை ஆட்டினேன், இமைக்கவில்லை. கண் தெரியவில்லை, அண்ணா. பல்லை நறநறவென்று கடித்தது, வாயில் நுரை. சாயங்காலம் விழுந்தது, எழவில்லை. அதைப் புதைத்துவிட்டு வந்து பார்க்கிறேன், செவலையும் அதே மாதிரி ஒரே பக்கமாகச் சுற்றிச் சுற்றி வருகிறது. புதன்கிழமை விடியும்போது அதுவும் போய்விட்டது. ஆறு வருஷமாக நான் கறந்த மாடு. என் குரலுக்குத் திரும்புகிற மாடு, நான் கூப்பிட்டும் என் பக்கம் திரும்பாமலேயே போனது. கொம்பில் பூசின செவப்புகூட இன்னும் போகவில்லை. அதோடுதான் புதைத்தோம். தாயும் பிள்ளையும் மாறி மாறி அந்தக் கொம்பை நக்கிக்கொண்டு கிடந்தது எனக்குக் கண்ணிலேயே நிற்கிறது.

மருந்து வைத்திருக்கிறார்கள் என்று பார்க்க வந்த எல்லாரும் சொன்னார்கள். யார் வைத்தது என்று யோசிக்க வேண்டியதே இல்லை. ஞாயிற்றுக்கிழமைதான் முருகேஷ் கத்தரிக்குப் பூச்சிமருந்து அடித்தான். அதற்கு ரெண்டு நாள் முந்தி என் முகத்துக்கு நேரே நின்று "பொறுப்பில்லை" என்று சொன்னவன். நான் அவன் வூட்டு வாசலில் போய் நின்று மண்ணை வாரித் தூற்றினேன். வாய்க்கு வந்ததெல்லாம் சொன்னேன். "உன் வூட்லயும் இப்படி ஒண்ணு துடிக்கணும், நீ பாக்கணும்" என்றேன். சுசித்ரா பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு, "நாங்க ஒண்ணும் பண்ணலைங்கக்கா" என்று திருப்பித் திருப்பி அதையே சொல்லிக்கொண்டு நின்றாள். நான் கேட்கவில்லை. ஸ்டேஷனில் எழுதிக் கொடுத்தேன். அவனை ரெண்டு நாள் அங்கேயே உட்கார வைத்தார்கள். கீழ்க்காட்டையும் விட்டுவிடச் சொல்லிவிட்டேன். வெட்டுகிற பருவத்தில் மஞ்சள் நிற்கிறது, அதை வெட்டிக்கொண்டு போகட்டும், அதோடு சரி. ஊரில் யாரும் அவர்களோடு பேசுவதில்லை. வேலை தேடி ஓசூர் போய்விட்டானாம்.

இவரும் படுத்துவிட்டார். ஒரு மாதமாகவே வயிற்றைப் பிசைகிறது என்று சொல்லிக்கொண்டிருந்தார். கேஸ் என்று மாத்திரை கொடுத்தார்கள், நிற்கவில்லை. இப்போது வலது கை மணிக்கட்டு தொங்குகிறது. பிரஷ்ஷைப் பிடிக்கிறார், கை தூக்க வரவில்லை. மாடு போன கவலை என்கிறார்கள். இரண்டாவது கோட்டு இப்போதைக்கு ஆகாது. உன் ஆட்களிடம் சொல்லிவிடு.

சசிகலா


சென்னை
1-2-2025

சசி,

உன் கடிதத்தை வியாழக்கிழமை ஆபீஸில் வைத்துப் படித்தேன். சுவரில் தலையை முட்டிக்கொண்டு நின்றது என்ற இடத்தை இரண்டு முறை படித்தேன். மணிக்கட்டு தொங்குகிறது என்ற இடத்துக்கு வந்ததும் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டேன். எழுந்து எங்கே போவது என்று தெரியாமல் அங்கேயே நின்றேன்.

மாப்பிள்ளைக்கு உடனே போன் செய்தேன். சேலம் போய் இரத்தத்தில் ஈயம் எவ்வளவு இருக்கிறது என்று பார்க்கச் சொன்னேன். எதற்கு என்று கேட்டார். சும்மா, ஒரு டெஸ்ட் என்றேன். காரணத்தைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. உன்னோடு போனில் பேசவும் தைரியம் வரவில்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

முருகேஷ் மருந்து வைக்கவில்லை. உன் மாட்டைக் கொன்றது நான் அனுப்பிய பொடி.

ரெட் லெட் என்பது ஈயம், சசி. தின்றால் விஷம். தூசியாக மூச்சில் போனாலும் விஷம். மாடு அதை நக்கினால் முதலில் கண் போகும், பல்லைக் கடிக்கும், சுவரில் முட்டும், சுற்றும். நீ எழுதியது அத்தனையும் அதன் அடையாளம்தான். மனுஷருக்கு வயிற்று வலி, பிறகு மணிக்கட்டு.

இது எனக்குத் தெரியாது என்று எழுத ஆரம்பித்தேன். ஒரு தாளைக் கிழித்துப் போட்டுவிட்டு இதை எழுதுகிறேன். தெரியும். நான் உனக்கு அனுப்பிய விதித்தாளுக்குப் பின்பக்கம் ஒன்று உண்டு. பூச்சுப் பட்டறையில் உட்கார்ந்து சாப்பிடக் கூடாது, கையைச் சோப்புப் போட்டுக் கழுவாமல் வெளியே போகக் கூடாது, காய்ந்த பூச்சை உலர்ந்தபடியே சுரண்டக் கூடாது, தண்ணீர் தெளித்துத்தான் சுரண்ட வேண்டும் என்று அதில் இருக்கிறது. நகல் எடுக்கும்போது திருப்பிப் பார்த்தேன். அது நூறு பெட்டி பூசுகிற பட்டறைக்காரனுக்கு எழுதியது, நமக்கு ஒரே ஒரு பெட்டிதானே என்று நினைத்தேன். நிறம், கோட்டு, எழுத்தின் உயரம் இருக்கிற பக்கம் போதும் என்று தோன்றியது. உள்ளே போனால் ஏதாவது ஆகுமா என்று மாப்பிள்ளை கேட்டதையும் படித்தேன். பதில் எழுதினால் வேலையை நிறுத்திவிடுவாரோ என்று பயந்து, எண்ணைப் பற்றி எழுதினேன். மறுபடியும் ரெட் ஆக்சைடுக்குப் போய்விடுவார் என்பதுதான் அப்போது எனக்கு இருந்த கவலை. இதை எழுதும்போது எனக்கே அருவருப்பாக இருக்கிறது.

இப்போது நான் கேட்கப் போவது தப்பு என்று தெரியும். இருந்தாலும் கேட்கிறேன். இதைப் படித்ததும் அடுப்பில் போட்டுவிடு. டிரஸ்டுக்குத் தெரிந்தால் வேலை போவது மட்டுமில்லை, கேஸ் வரும். முருகேஷைக் கூப்பிட்டு, கோபம் ஆறிவிட்டது, கீழ்க்காட்டை நீயே பார் என்று சொன்னால் போதும். அவன் சந்தோஷமாக வந்துவிடுவான். மாடு எதனால் செத்தது என்று அதற்கப்புறம் யாரும் கேட்க மாட்டார்கள். மாடும் கன்றும் போனதோடு இது நிற்கட்டும். மாப்பிள்ளையின் வைத்தியத்துக்கு என்ன வேண்டுமோ எல்லாம் நான் பார்த்துக்கொள்கிறேன்.

பெட்டிக்குப் பக்கத்தில் யாரையும் விடாதே.

பிரபாகர்


சேலம்
8-2-2025

அண்ணா,

உன் கடிதம் அடுப்புக்குப் போகவில்லை. இங்கே ஆஸ்பத்திரி பெஞ்சில் என் மடியில் இருக்கிறது. ஏழெட்டுப் பேர் படித்துவிட்டார்கள், மடிப்பு கிழிந்துபோயிருக்கிறது.

மாடும் கன்றும் போனதோடு நிற்கட்டும் என்று எழுதியிருக்கிறாய். நான் பொங்கல் முடிந்து எழுதின கடிதத்தை எடுத்துப் பார். முன்பக்கத்தை இல்லை. நீ சொன்னாய் என்று பின்பக்கத்தில் எழுதினேனே, அதைப் பார். நீ அதைத் திருப்பியிருந்தால் இப்படி ஒரு வரி எழுதியிருக்க மாட்டாய். கொம்புக்குப் பூசின அதே டப்பாவில் அன்பரசியின் நடைவண்டிக்கும் பூசிக் கொடுத்தோம்.

பொடி ஈயம் என்று நீ எழுதின இடத்தில் எனக்கு மாடு ஞாபகம் வரவில்லை. இவரும் ஞாபகம் வரவில்லை. அந்த வண்டிதான் வந்தது. அடுப்பில் பால் இருந்தது, அப்படியே விட்டுவிட்டு ஓடினேன். எந்த வாசலில் மண்ணை வாரித் தூற்றினேனோ அதே வாசலில் போய் நின்றேன். சுசித்ரா என்னைப் பார்த்ததும் பிள்ளையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

"இன்னும் என்னங்கக்கா பாக்கி இருக்குது" என்றாள்.

எனக்கு மூச்சு வாங்கியது. நடைவண்டி எங்கே என்று மட்டும்தான் கேட்க முடிந்தது. அவள் பிள்ளையை இன்னொரு இடுப்புக்கு மாற்றிக்கொண்டாள். பிறகு உள்ளே போய் அந்த வண்டியை இழுத்துக்கொண்டு வந்து என் காலடியில் விட்டாள்.

"குடுத்ததையும் வாங்கிட்டுப் போகத்தான வந்தீங்க. எடுத்துக்குங்க. புள்ளை நாலு நாள் அழுவும், அப்புறம் மறந்துடும்" என்றாள்.

குனிந்து பார்த்தேன் அண்ணா. கைப்பிடிக் கட்டை முழுக்க வெறும் மரம். செவப்பு ஒரு பொட்டுகூட இல்லை. பல் தடம் மட்டும் இருந்தது, வரிசையாக, சின்னச் சின்னதாக.

பல் முளைக்கிறது, எந்நேரமும் அதையே கடிக்கிறாள், ஒரு வாரமாகச் சோறு இறங்கவில்லை, குடித்த பாலும் வெளியே வந்துவிடுகிறது என்றாள் சுசித்ரா. கடிதத்தை மடியில் செருகியபடியேதான் ஓடி வந்திருந்தேன். அதை எடுத்து அந்த வாசலிலேயே நின்று சத்தமாகப் படித்தேன். முருகேஷ் மருந்து வைக்கவில்லை என்பதில் ஆரம்பித்தேன், அடுப்பில் போட்டுவிடு என்பது வரைக்கும் படித்தேன். நான் கத்தினபோது வேடிக்கை பார்க்க வந்த அதே ஆட்கள் இப்போதும் வந்து நின்றார்கள்.

இவரும் பிள்ளையும் சுசித்ராவும் நானும் ஒரே வண்டியில்தான் சேலம் வந்தோம். இவருக்கு ஊசி போடுகிறார்கள். கை திரும்புவதற்கு மாதக்கணக்கில் ஆகலாம், முழுசாகத் திரும்புமா என்று இப்போது சொல்ல முடியாது என்கிறார்கள். பிள்ளைக்கு இரத்தத்தில் ஈயம் அதிகமாக இருக்கிறது. மருந்து ஆரம்பித்துவிட்டார்கள். தாமதிக்காமல் வந்தீர்கள் என்று அந்த லேடி டாக்டர் என்னைப் பார்த்துச் சொன்னது. அந்த வார்த்தையை வாங்கிக்கொள்ள எனக்கு யோக்கியதை இல்லை. பொங்கலன்றைக்கு நாலு எட்டு வைத்த பிள்ளை, இப்போது நிற்க வைத்தால் உட்கார்ந்துவிடுகிறது. என்னைப் பார்த்துச் சிரிக்கவில்லை. யாரைப் பார்த்தும் சிரிக்கவில்லை.

வருவதற்கு முன்னால் பெட்டிக்குத் தார்ப்பாய் போட்டுக் கட்டினேன். கதவில் ஒட்டியிருந்த தாளை நனைத்துப் பிய்த்தெடுத்து, திருப்பிப் பார்த்தேன். நீ எழுதியது உண்மைதான். வெள்ளையாக இருந்தது.

நேற்று முருகேஷ் ஓசூரிலிருந்து நேராக இங்கே வந்தான். அவன் கத்துவான், என்னை அடித்தாலும் வாங்கிக்கொள்வது என்று இருந்தேன். அவன் பிள்ளை பக்கத்தில் போய்க் கொஞ்ச நேரம் நின்றான். அப்புறம் வந்து அந்தக் கடிதத்தைக் கேட்டான். இதே பெஞ்சில் எனக்கு ரெண்டு ஆள் தள்ளி உட்கார்ந்து படித்தான். நிதானமாக, எழுத்துக் கூட்டி, முழுக்கப் படித்தான். மடித்து என்னிடம் திருப்பிக் கொடுத்தான். குரல் உயரவே இல்லை.

"உங்க மாடு செத்ததுக்கு என்னைக் கேட்டீங்கக்கா. ஸ்டேஷன்ல ரெண்டு நாள் கேட்டாங்க, ஊரே கேட்டுச்சு. என் புள்ளைக்கு நான் யாரைங்க கேக்கறது?"

அவன் இன்னும் இங்கேதான் வார்டு வாசலில் உட்கார்ந்திருக்கிறான். அவன் கேட்க வேண்டியது உன்னை. இனி எழுத வேண்டாம், கிளம்பி வா. அந்தத் தாளையும் எடுத்து வா, அதன் பின்பக்கத்தோடு. அவன் கேட்டதற்கு அதில் ஏதாவது பதில் எழுதியிருந்தால் அவன் முன்னால் நின்று நீயே படி.

சசிகலா